இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளில் எது வேகம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் முழுக்க ஒரு ஜோடி அடிக்கடி தலைகாட்டும். ஒன்று, 2021-இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. மற்றது, 2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி. பெயரைப் பார்த்தால் புதியதுதான் வேகம் என்று தோன்றும். விவரப் பட்டியலைப் பார்த்தால் பழையதன் கை பல இடங்களில் ஓங்கியிருக்கும். வேலையைப் பொறுத்து இரண்டுமே உண்மை என்பதால் விளக்கத்துக்கு வசதியான ஜோடி இது.

ஆர்டிஎக்ஸ் 3060: 3584 கூடா கோர்கள் (கணக்குப் போடும் அலகுகள்), 1777 மெகாஹெர்ட்ஸ் பூஸ்ட் (சுமை ஏறும்போது தொடும் கடிகார வேகம்), 12 ஜிபி மெமரி, 192 பிட் (மெமரிக்குப் போகும் பாதையான பஸ்ஸின் அகலம்), விநாடிக்கு 360 ஜிபி (மெமரி வேகம்), எல்2 கேஷ் (சிப்புக்குள்ளேயே உள்ள சிறு மெமரி) 3 எம்பி, 170 வாட், பிசிஐஇ 4.0 எக்ஸ்16 (மதர்போர்டோடு இணையும் வழியும் அதன் அகலமும்).

ஆர்டிஎக்ஸ் 4060: 3072 கூடா கோர்கள், 2460 மெகாஹெர்ட்ஸ் பூஸ்ட், 8 ஜிபி மெமரி, 128 பிட், விநாடிக்கு 272 ஜிபி, எல்2 கேஷ் 24 எம்பி, 115 வாட், பிசிஐஇ 4.0 எக்ஸ்8.

கோர் அதிகமுள்ள கார்டுதானே வேகமாக ஓடும்?

ஒரே தலைமுறையில், ஒரே நிறுவனத்துக் கார்டுகளுக்குள் என்றால் பெரும்பாலும் ஆமாம். அந்த வட்டத்தைத் தாண்டினால் கணக்கு தப்பும். மேலே உள்ள ஜோடியில் 4060-க்கு 512 கோர் குறைவு. ஆனால் ஒவ்வொரு கோரும் ஏறத்தாழ 700 மெகாஹெர்ட்ஸ் கூடுதலாக ஓடுகிறது. 1080பி (1920×1080 பிக்சல்) கேம்களில் 4060 சுமார் 15 முதல் 20 சதவீதம் முன்னால் நிற்கிறது.

நிறுவனம் மாறினால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. என்விடியாவின் கூடா கோர், ஏஎம்டியின் ஸ்ட்ரீம் பிராசசர், இன்டெலின் எக்ஸ்இ கோர் ஆகிய மூன்றும் வெவ்வேறு அளவுகோல்கள். கிலோவையும் லிட்டரையும் பக்கத்தில் வைத்து எது பெரியது என்று கேட்பது போலத்தான்.

டெராஃப்ளாப்ஸ் எண்ணை நம்பலாமா?

கோர் எண்ணிக்கை × 2 × கடிகார வேகம், அவ்வளவுதான் டெராஃப்ளாப்ஸ். சிப் ஒரு கணம்கூடச் சும்மா இராமல் பெருக்கிக் கூட்டிக்கொண்டே இருந்தால் கிடைக்கும் உச்சவரம்பு. கேம்களில் அந்த நிலை வருவதே இல்லை.

ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ 13.4 டெராஃப்ளாப்ஸ், ஆர்டிஎக்ஸ் 3070 20.3. காகிதத்தில் 50 சதவீத இடைவெளி. கேம்களில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். 3070 சேர்ந்த ஆம்பியர் தலைமுறையில் தசமக் கணக்குப் போடும் அலகுகளை என்விடியா இரட்டிப்பாக்கியது. ஆனால் கூடுதலாகச் சேர்ந்த பாதி, முழு எண் கணக்கையும் பகிர்ந்து செய்ய வேண்டியது. கேமில் முழு எண் வேலை வரும்போதெல்லாம் அந்தப் பாதியில் ஒரு பங்கு திசை திரும்பிவிடும். விளம்பர எண்ணில் அது தெரியாது.

பெயர் ஒன்றாக இருந்தால் கார்டும் ஒன்றுதானே?

இல்லை. வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

ஜிடி 1030 என்ற பெயரில் இரண்டு கார்டுகள் உண்டு. ஜிடிடிஆர்5 மெமரி உள்ளது விநாடிக்கு 48 ஜிபி தரும். பின்னால் வந்த டிடிஆர்4 வகை 16.8 ஜிபிதான். மூன்றில் ஒரு பங்கு மெமரி வேகம் உள்ள கார்டுக்கும் பெட்டியில் அதே பெயர். ஜிடிஎக்ஸ் 1060-இல் 6 ஜிபி வகைக்கு 1280 கோர், 3 ஜிபி வகைக்கு 1152. மெமரி மட்டும்தான் குறைவு என்று நினைத்து வாங்கியவர்கள் ஏராளம். ஆர்டிஎக்ஸ் 3060-இன் 8 ஜிபி வகையில் பஸ் 128 பிட்டாகச் சுருங்கி, விநாடிக்கு 240 ஜிபி ஆகிவிடும். ஆர்எக்ஸ் 580-இல் 2304 ஸ்ட்ரீம் பிராசசர் உள்ளதும் உண்டு, 2048 உள்ளதும் உண்டு.

2022-இல் ஆர்டிஎக்ஸ் 4080 12 ஜிபி என்று அறிவிக்கப்பட்ட கார்டுக்கு எழுந்த எதிர்ப்பில் என்விடியாவே அந்தப் பெயரைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஜனவரியில் அது 4070 டிஐ ஆகக் கடைக்கு வந்தது. எனவே ஒப்பிடும்முன் மெமரி அளவு, மெமரி வகை, பஸ் அகலம், கோர் எண்ணிக்கை நான்கையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கார்டு கையில் இருந்தால் ஜிபியு-இசட் மென்பொருள் நான்கையும் ஒரே பக்கத்தில் காட்டும்.

மெமரி எவ்வளவு இருந்தால் போதும்? 12 ஜிபி உள்ளது 8 ஜிபியை விட வேகமா?

மெமரியைத் தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொண்டால், கொள்ளளவு வேறு, குழாயின் அகலம் வேறு. தொட்டி நிரம்பாத வரை கொள்ளளவால் வேகம் கூடாது. 8 ஜிபிக்குள் அடங்கும் கேமில் 12 ஜிபி கார்டின் மீதி இடம் சும்மா கிடக்கும்.

நிரம்பி வழியும்போதுதான் விஷயம் மாறுகிறது. கார்டில் இடமில்லாத டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) கணினியின் ரேமுக்குப் போகின்றன. அங்கிருந்து, 4060-இல் என்றால், பிசிஐஇ வழியாக விநாடிக்கு அதிகபட்சம் 16 ஜிபி வேகத்தில் ஊர்ந்து வர வேண்டும். அந்தக் கார்டின் சொந்த மெமரியோ விநாடிக்கு 272 ஜிபி. சராசரி எஃப்பிஎஸ் (விநாடிக்கு வரும் ஃப்ரேம்களின், அதாவது படங்களின், எண்ணிக்கை) அவ்வளவாகக் குறையாது. ஆனால் தலையைத் திருப்பும்போதும், புதிய இடத்துக்குள் நுழையும்போதும் ஒரு வெட்டு வெட்டும்.

இதைவிடக் கள்ளத்தனமான வடிவம் ஒன்றும் உண்டு. சில கேம்கள் இடம் போதாதபோது எஃப்பிஎஸ்ஸைக் காப்பாற்றிக்கொண்டு டெக்ஸ்சரின் தரத்தைச் சத்தமில்லாமல் குறைத்துவிடும். சுவரில் ஒட்டிய சுவரொட்டி அருகே போனாலும் மங்கலாகவே இருக்கும், அல்லது இரண்டு விநாடி கழித்துத் தெளியும். எண்ணில் இரண்டு கார்டும் சமம் என்று வரும். திரையில் சமமாக இராது. அதனால் ஒப்பிடும்போது ஒரே இடத்தில் நின்று ஸ்கிரீன்ஷாட் ஒன்றும் எடுத்துப் பாருங்கள்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளில் மெமரி பற்றி இரண்டு அளவீடுகள் வரும். பொதுவான மெமரி பயன்பாடு என்பது ஒதுக்கி வைத்த இடம். பெரிய தொட்டி கிடைத்தால் கேம் அதிகமாக ஒதுக்கிக்கொள்ளும். அந்தக் கேம் உண்மையில் எடுத்துக்கொண்டது எவ்வளவு என்பதைத் தனி அளவீடாக இயக்கிப் பார்க்க வேண்டும். "என் 24 ஜிபி கார்டில் இந்தக் கேம் 14 ஜிபி தின்கிறது" என்பதற்கு 12 ஜிபி கார்டில் ஓடாது என்று பொருளில்லை.

பஸ் அகலம் 192-இலிருந்து 128-ஆகக் குறைந்தும் 4060 எப்படி முந்துகிறது?

எல்2 கேஷ். 3 எம்பி இருந்த இடத்தில் 24 எம்பி. அடிக்கடி தேவைப்படும் தகவல் சிப்புக்குள்ளேயே கிடைத்துவிடுவதால் வெளி மெமரிக்குப் போகும் நடை குறைகிறது. ஏஎம்டி 2020-இல் இன்ஃபினிட்டி கேஷ் என்ற பெயரில் கொண்டுவந்ததும் இதே யோசனைதான். ஆர்எக்ஸ் 6600-இல் 128 பிட் பஸ்ஸோடு 32 எம்பி உண்டு.

கேஷ் கைகொடுக்கும் அளவு ரெசல்யூஷனைப் பொறுத்தது. 1080பி-யில் ஒரு ஃப்ரேமுக்கு ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல், 1440பி-யில் 36.9 லட்சம்; 4கே-யில் 83 லட்சம். பிக்சல் கூடக் கூடக் கேஷுக்குள் அடங்காமல் வெளியே போவது கூடும். அகலமான பஸ் உள்ள கார்டு இழந்த இடத்தைப் பிடிக்கும். ஒரே ஜோடிக்கு 1080பி-யில் ஒரு விடையும் 4கே-யில் வேறொரு விடையும் வருவதற்கு இது முக்கியக் காரணம்.

சராசரி எஃப்பிஎஸ் மட்டும் பார்த்தால் போதாதா?

ஒரு விநாடியில் 60 ஃப்ரேம் வந்தது என்று வையுங்கள். 59 ஃப்ரேம் தலா 16 மில்லி விநாடி, கூட்டினால் 944. மிச்சமிருக்கும் ஒரே ஒரு ஃப்ரேம் 56 மில்லி விநாடி எடுத்தது. மொத்தம் சரியாக 1000. சராசரி 60 எஃப்பிஎஸ். ஆனால் அந்த ஒரு ஃப்ரேமில் திரை உறைந்து துள்ளியது கண்ணுக்குப் பட்டே தீரும். ஒவ்வொரு ஃப்ரேமும் 16.7 மில்லி விநாடியில் சீராக வந்த கார்டுக்கும் சராசரி அதே 60தான்.

அதனால் தெரிந்தவர்கள் ஃப்ரேம் டைம் வரைபடத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். நேர்கோடாகப் போனால் நல்லது. ரம்பப் பல் போல் ஏறி இறங்கினால் சராசரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விளையாட எரிச்சல்தான். நினைவில் வைக்க: 30 எஃப்பிஎஸ்ஸுக்கு 33.3 மில்லி விநாடி, 60-க்கு 16.7, 120-க்கு 8.3, 144-க்கு 6.9.

"1% லோ" என்பது என்ன? இரண்டு இடங்களில் இரண்டு விதமாக வருகிறதே?

மோசமான ஒரு சதவீத ஃப்ரேம்களைப் பற்றிய எண் அது. 100 எஃப்பிஎஸ்ஸில் 60 விநாடி ஓடினால் 6000 ஃப்ரேம்; அதில் மிக மெதுவான 60 ஃப்ரேம்கள். சிலர் அந்த 60-இன் எல்லையில் நிற்கும் ஃப்ரேமை மட்டும் எடுத்து எஃப்பிஎஸ்ஸாக மாற்றுவார்கள். சிலர் 60-இன் சராசரியை எடுப்பார்கள். இதில் எண் எப்போதும் கொஞ்சம் கீழே வரும். ஒரு கார்டின் 1% லோவை ஓரிடத்திலிருந்தும் மற்றதை வேறிடத்திலிருந்தும் எடுத்து ஒப்பிட்டால் பயனில்லை.

0.1% லோ என்றால் அந்த 6000-இல் வெறும் 6 ஃப்ரேம். பின்னணியில் ஆன்டிவைரஸ் ஒரு தடவை கண்விழித்தாலே அந்த எண் கவிழ்ந்துவிடும். அதை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

இரண்டு கார்டும் கையில் இருக்கின்றன. சரியாகச் சோதிப்பது எப்படி?

முதல் விதி, கார்டைத் தவிர எதையும் மாற்றாதீர்கள். அதே சிபியு, அதே ரேம், அதே மானிட்டர், அதே கேம் பதிப்பு. பயாஸில் ரேமின் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ரேமை அதன் குறித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயங்குகிறதா, ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் சிபியு அணுகவிடும் வசதி) திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் ஆர்க் கார்டு இருந்தால் ரீசைசபிள் பார் கட்டாயம். அது இல்லாமல் சோதிப்பது அந்தக் கார்டின் காலைக் கட்டிவிட்டு ஓடச் சொல்வது.

1. பழைய டிரைவரை அகற்றுங்கள். நிறுவனம் மாறுகிறது என்றால் சேஃப் மோடில் டிடியு மென்பொருளால் துடைப்பது நல்லது. அதற்கு முன் இணைய இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். இல்லையென்றால் மறுதொடக்கத்தின்போது விண்டோஸ் தானே ஏதோ ஒரு டிரைவரை ஏற்றிவிடும்.

2. மின்சாரத்தை அணைத்து, கார்டை மாற்றி, பவர் கேபிளைக் கடைசி வரை அழுத்துங்கள். இரண்டு 8-பின் கேட்கும் கார்டுக்குத் தனித்தனிக் கேபிள் இரண்டு கொடுங்கள்; ஒரே கேபிளின் இரட்டைத் தலையைப் பயன்படுத்த வேண்டாம். மானிட்டர் கேபிள் கார்டில்தான் செருகியிருக்கிறதா? மதர்போர்டில் செருகிவிட்டு "புதுக் கார்டு மந்தம்" என்று புலம்புவது இன்றும் நடக்கிறது.

3. விசிங்க் (மானிட்டரின் வேகத்தோடு ஃப்ரேமைப் பூட்டுவது), ஃப்ரேம் வரம்பு, டைனமிக் ரெசல்யூஷன், அப்ஸ்கேலிங், ஃப்ரேம் ஜெனரேஷன் எல்லாவற்றையும் கேமிலும் அணைக்க வேண்டும், டிரைவர் பேனலிலும் அணைக்க வேண்டும். இரண்டாவது இடத்தைத்தான் மறந்துவிடுவோம்.

4. தர அமைப்புகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். கார்டு மாறியதைக் கண்டதும் பல கேம்கள் அமைப்பைத் தாங்களே மாற்றிக்கொள்ளும். "ஹை" என்ற சொல் இரண்டு முறையும் இருந்தால் மட்டும் போதாது. டெக்ஸ்சர் வரிசை வரை இறங்கிப் பாருங்கள்.

5. பெட்டியின் பக்கப் பலகையை மூடி, 15 நிமிடம் விளையாடிக் கார்டைச் சூடேற்றுங்கள். சில்லென்றிருக்கும் கார்டு முதல் இரண்டு நிமிடம் கூடுதல் வேகத்தில் ஓடும். சூடு ஏற ஏறக் கடிகார வேகம் படிப்படியாக இறங்கும்.

6. சேமித்து வைத்த ஒரே இடத்திலிருந்து, ஒரே பாதையில் 60 விநாடி நடங்கள். பிரசென்ட்மான் அல்லது கேப்ஃப்ரேம்எக்ஸில் பதிவுசெய்யுங்கள், லினக்ஸில் மேங்கோஹட். கேமுக்குள்ளேயே பெஞ்ச்மார்க் இருந்தால் வசதி, ஆனால் சண்டைக் காட்சியின் கனம் பல நேரம் அதில் வராது.

7. முதல் ஓட்டத்தை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். புது டிரைவர் ஏறியதால் ஷேடர்கள் (கார்டில் ஓடும் சிறு வரைதல் நிரல்கள்) மறுபடி கம்பைல் ஆகும். அந்தத் திணறல் கார்டின் குற்றமல்ல. அதன்பின் மூன்று ஓட்டம், நடு எண்ணை எடுங்கள். மூன்றுக்குள் 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஏதோ சரியில்லை: பின்னணியில் புதுப்பிப்பு இறங்கலாம், வெப்பம் ஏறிக்கொண்டே போகலாம், பாதை மாறியிருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள்.

வேகமான கார்டைப் போட்டும் எஃப்பிஎஸ் ஏறவில்லை. கார்டில் கோளாறா?

பெரும்பாலும் சிபியு மூச்சுத் திணறுகிறது. ஆஃப்டர்பர்னரில் ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாட்டைப் பாருங்கள். வரம்பு எதுவும் வைக்காமலே 95 சதவீதத்துக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தால் கார்டு அடுத்த ஃப்ரேமுக்கான உத்தரவுக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். சிபியுவின் மொத்தப் பயன்பாடு 40 சதவீதம்தானே என்று ஆறுதல் அடையாதீர்கள். எட்டு கோரில் ஒன்றே ஒன்று முழுமூச்சாக ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது அடங்கிப்போகும்.

சுலபமான சோதனை ஒன்று உண்டு. ரெசல்யூஷனை 1440பி-யிலிருந்து 1080பி-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் முட்டுக்கட்டை கார்டு. அசையாமல் நின்றால் சிபியு. இரண்டு கார்டுகளை ஒப்பிடும்போது சிபியு முட்டுக்கட்டையாக இருந்தால் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். அது சிபியுவின் எண். கார்டுகள் இரண்டும் சமம் என்று அதிலிருந்து முடிவுகட்டக் கூடாது.

இன்னொரு நுட்பம்: டிரைவர் சிபியுவிடம் வாங்கும் வேலையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580 புதிய சிபியுவோடு நன்றாக ஓடியது. சில ஆண்டுகள் பழைய சிபியுவில் போட்டபோது எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சரிந்தது. உச்ச சிபியுவில் எடுத்த சோதனை முடிவு, உங்கள் பழைய கணினியில் அப்படியே வரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பத்து கேமின் எண்களைக் கூட்டிச் சராசரி போடலாமா?

கூட்டிப் போட்டால் தப்பாகும். கார்டு அ ஒரு கனமான கேமில் 50, இலகுவான கேமில் 400 எஃப்பிஎஸ் தருகிறது. கார்டு ஆ முறையே 60, 370. கூட்டிப் பாதியாக்கினால் அ-வுக்கு 225, ஆ-வுக்கு 215. அ ஜெயித்துவிட்டது. ஆனால் கனமான கேமில் ஆ 20 சதவீதம் முந்தியது. இலகுவானதில் அ முந்தியது 8 சதவீதம்தான். பெரிய எண் தரும் கேம் சின்ன எண்ணை விழுங்கிவிட்டது.

பெருக்குச் சராசரி போட்டால் நியாயம் கிடைக்கும். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: அ-வுக்கு 141, ஆ-வுக்கு 149. பத்து கேம் என்றால் பத்தையும் பெருக்கிப் பத்தாம் மூலம். எந்த விரிதாள் மென்பொருளும் செய்யும்.

சதவீதத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 100-உம் 80-உம் என்றால் முதலாவது 25 சதவீதம் வேகம். இரண்டாவது 20 சதவீதம் மந்தம். இரண்டுமே சரி. விற்பவர் எப்போதும் பெரிய எண்ணைத்தான் சொல்வார்.

3டிமார்க் போன்ற சோதனை மென்பொருள்களின் மதிப்பெண்களுக்கு மதிப்பு உண்டா?

உங்கள் கார்டு அதே மாடலின் மற்ற கார்டுகளைப் போல ஓடுகிறதா என்று பார்க்க அருமையான கருவி. மதிப்பெண் 10 சதவீதம் குறைந்தால் வெப்பமோ பவரோ டிரைவரோ கோளாறு. இரண்டு வெவ்வேறு நிறுவனக் கார்டுகளில் எது நல்லது என்று தீர்மானிக்க அது போதாது. பார்ப்பதானால் கிராஃபிக்ஸ் மதிப்பெண்ணை மட்டும் பாருங்கள். மொத்த மதிப்பெண்ணில் சிபியுவும் கலந்திருக்கும். 3டிமார்க்கிலேயே டைம் ஸ்பை மதிப்பெண்ணையும் ஃபயர் ஸ்ட்ரைக் மதிப்பெண்ணையும் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. ஒன்று டைரக்ட்எக்ஸ் 12, மற்றது 11.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போட்டு வரும் எஃப்பிஎஸ்ஸை ஒப்பிடலாமா?

டிஎல்எஸ்எஸ் என்விடியாவுடையது, எஃப்எஸ்ஆர் ஏஎம்டியுடையது. இவற்றில் வரும் அப்ஸ்கேலிங்கும் ஃப்ரேம் ஜெனரேஷனும் வெவ்வேறு. அப்ஸ்கேலிங்கில் கார்டு சின்னப் படத்தை வரைந்து பெரிதாக்குகிறது. 4கே-யில் குவாலிட்டி வைத்தால் உள்ளே வரைவது 2560×1440. பெர்ஃபார்மன்ஸ் வைத்தால் 1920×1080. இரண்டு கார்டிலும் உள் ரெசல்யூஷன் ஒன்றாக இருந்தால் வேகத்தை ஒப்பிடலாம், ஆனால் படத்தின் தரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முள்வேலி, தலைமுடி, மரத்தின் மெல்லிய கிளை மூன்றையும் நகரும் காட்சியில் பாருங்கள். குறை அங்கேதான் வெளியே தெரியும்.

ஃப்ரேம் ஜெனரேஷன் இரண்டு நிஜ ஃப்ரேம்களுக்கு நடுவே கணித்து வரைந்ததைச் செருகுகிறது. திரை வழுவழுப்பாகும், மவுஸ் அசைவுக்குக் கிடைக்கும் எதிர்வினை நிஜ ஃப்ரேமின் வேகத்தில்தான் இருக்கும், சொல்லப்போனால் கொஞ்சம் தாமதமாகும். 30-ஐ 60 ஆக்கிக் காட்டுவது நிஜமான 60 போல் கையில் இராது. அடிப்படை 60-க்கு மேல் இருந்தால்தான் இந்த வசதி ருசிக்கும்.

2025 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 5070-ஐ அறிமுகம் செய்தபோது 4090-க்கு நிகரான செயல்திறன் என்று மேடையில் சொன்னார்கள். 4090-க்கு 16384 கோர், 24 ஜிபி. 5070-க்கு 6144 கோர், 12 ஜிபி. ஒரு நிஜ ஃப்ரேமுக்கு மூன்று செருகல் ஃப்ரேம் போடும் வசதியைச் சேர்த்த கணக்கு அது. விளம்பர வரைபடத்தின் அடியில் உள்ள பொடி எழுத்தை முதலில் படிக்கும் பழக்கம் நல்லது.

ரே டிரேசிங்கைத் தனியாகப் பார்க்க வேண்டுமா?

கண்டிப்பாக. ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் முறை அது. சாதாரண வரைதலில் சமமாக நிற்கும் இரண்டு கார்டுகள் ரே டிரேசிங்கை இயக்கியதும் வெகுதூரம் விலகிப் போகலாம். அந்த வேலைக்கான வன்பொருள் தனி; மெமரியும் கூடுதலாகத் தின்னும். நீங்கள் அதை இயக்கி விளையாடப் போவதில்லை என்றால் அந்த வரிசையைத் தாண்டிச் செல்லுங்கள்.

என் மதர்போர்டு பிசிஐஇ 3.0. வேகம் குறையுமா?

கார்டின் இணைப்பு அகலத்தைப் பாருங்கள். 3.0 எக்ஸ்16 விநாடிக்கு ஏறத்தாழ 16 ஜிபி, 3.0 எக்ஸ்8 அதில் பாதி. 3060 எக்ஸ்16 என்பதால் பழைய போர்டிலும் 16 கிடைக்கும். 4060 எக்ஸ்8, பழைய போர்டில் 8 ஜிபிதான். மெமரி நிரம்பாத கேமில் வித்தியாசம் சில சதவீதம். நிரம்பி வழியும்போது, மேலே சொன்ன ஊர்ந்து வரும் பாதை பாதியாகக் குறுகிவிடும். இதன் உச்சக்கட்டம் 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி: 4 ஜிபி மெமரி, வெறும் எக்ஸ்4 இணைப்பு. பிசிஐஇ 3.0 போர்டில் அது பல கேம்களில் பரிதாபமாகத் தடுமாறியது.

ஜிபியு-இசட்டில் இணைப்பைப் பார்க்கும்போது "1.1" என்று காட்டினால் பதறாதீர்கள், சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்த இறங்கியிருக்கும். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்திச் சோதனைக் காட்சியை ஓடவிட்டால் உண்மை எண் வரும்.

மின்சாரம், சூடு, சத்தம் இவற்றை எப்படி அளப்பது?

ஒரு ஃப்ரேமுக்கு எவ்வளவு ஆற்றல் என்று வகுத்துப் பாருங்கள். 4060 115 வாட்டில் 100 எஃப்பிஎஸ் தந்தால் ஃப்ரேமுக்கு 1.15 ஜூல். 3060 170 வாட்டில் 85 தந்தால் 2 ஜூல். அறையில் சேரும் சூடும் விசிறியின் இரைச்சலும் இந்த எண்ணோடுதான் போகும்.

பவர் சப்ளைக்கு: ஸ்லாட்டிலிருந்து 75 வாட், 6-பின்னுக்கு 75, 8-பின்னுக்கு 150. பெரிய கார்டுகள் மில்லி விநாடிக் கணக்கில் குறித்த அளவைவிட வெகுவாக எகிறும். சராசரி வாட் போதுமாக இருந்தும் விளையாட்டின் நடுவே கணினி சட்டென்று அணைந்தால் இந்த எகிறல்தான் முதல் சந்தேகம். 12 வோல்ட் 16-பின் இணைப்பை முழுதாகச் செருகாவிட்டால் சில ஊசிகளில் மின்னோட்டம் குவிந்து பிளாஸ்டிக் உருகும். சொருகியபின் இடைவெளி தெரியக் கூடாது, தலைக்கு அருகிலேயே கேபிளை மடக்கவும் கூடாது.

லேப்டாப்பில் உள்ள 4070-உம் டெஸ்க்டாப் 4070-உம் ஒன்றா?

இல்லை. டெஸ்க்டாப்பில் 5888 கோர், 12 ஜிபி, 192 பிட். லேப்டாப்பில் 4608 கோர், 8 ஜிபி, 128 பிட். லேப்டாப்புகளுக்குள்ளேயும் தயாரிப்பாளர் ஒதுக்கும் வாட்டைப் பொறுத்து வேகம் மாறும்; தாராளமாக வாட் கொடுத்த 4060, கஞ்சத்தனமாகக் கொடுத்த 4070-ஐ எட்டிப் பிடிப்பது சாதாரணம். எனவே சிப்பின் பெயரோடு அதிகபட்ச வாட்டையும் கேளுங்கள். ஒற்றை ரேம் போட்டு விற்கப்படும் லேப்டாப்பில் கார்டைக் குறை சொல்லும் முன் இரண்டாவது ரேமைச் செருகிப் பாருங்கள்.

கேம் விளையாடுவதில்லை. வீடியோ, பிளெண்டர், ஏஐ வேலைக்கு எப்படி ஒப்பிடுவது?

இங்கே கேம் எஃப்பிஎஸ் அட்டவணையை மூடிவைத்துவிடலாம்.

வீடியோவுக்கு என்கோடர், டீகோடர் என்ன ஆதரிக்கிறது என்பதே முதல் கேள்வி. ஆர்டிஎக்ஸ் 30 வரிசை ஏவி1 என்ற வீடியோ வடிவத்தைப் படிக்கும், எழுதாது. 40 வரிசை எழுதவும் செய்யும். கேமராவிலிருந்து 4:2:2 10 பிட் (நிற விவரம் கூடுதலாக உள்ள) காட்சிகள் வருகின்றன என்றால், 50 வரிசைக்கு முந்தைய என்விடியா கார்டுகளில் அதற்கு வன்பொருள் டீகோடிங் கிடையாது. எவ்வளவு பெரிய கார்டு வாங்கினாலும் டைம்லைன் இழுக்கும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளுக்கு ஆப்டிக்ஸ் என்ற ரே டிரேசிங் வசதியால் என்விடியாவின் கை ஓங்கியிருக்கிறது. காட்சி மெமரிக்குள் அடங்காவிட்டால் ரெண்டர் நின்றேகூடப் போகலாம்.

வீட்டுக் கணினியில் மொழி மாதிரிகளை ஓட்டுபவர்களுக்கு நம் ஜோடியின் தீர்ப்பு தலைகீழாகிறது. ஒவ்வொரு சொல்துண்டுக்கும் மாதிரி முழுவதையும் மெமரியிலிருந்து ஒரு தடவை படிக்க வேண்டும். மாதிரி 5 ஜிபி என்றால், 4060-இல் 272-ஐ 5-ஆல் வகுத்து விநாடிக்கு 54 துண்டு உச்சவரம்பு. 3060-இல் 360-ஐ வகுத்து 72. நிஜத்தில் இரண்டுமே இதற்குக் கீழேதான் வரும், ஆனால் விகிதம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். 8 ஜிபியைத் தொடும் மாதிரி 4060-க்குள் அடங்கவே அடங்காது. 3060-இல் இடம் மிச்சமிருக்கும். கேமில் 15 சதவீதம் பின்தங்கிய பழைய கார்டு இங்கே எளிதாக முன்னால் போகிறது.

ஒரே சிப்பை வெவ்வேறு நிறுவனங்கள் விற்கின்றன. எதை எடுப்பது?

எஃப்பிஎஸ் வித்தியாசம் பொதுவாக ஒற்றை இலக்கச் சதவீதத்தின் கீழ்ப்பகுதியில் முடிந்துவிடும். பெட்டியில் "ஓசி" (ஓவர்கிளாக், வேகம் கூட்டியது) என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும் அவ்வளவுதான். கூலரின் கனம், விசிறியின் சத்தம், உங்கள் பெட்டிக்குள் நுழையும் நீளம் மூன்றையும் பார்த்து எடுங்கள்.

பழைய கார்டைக் கைமாற்றாக வாங்கும்போது செயல்திறனைச் சரிபார்ப்பது எப்படி?

ஜிபியு-இசட்டைத் திறந்து கோர் எண்ணிக்கை, பஸ் அகலம், மெமரி வகை மூன்றையும் அசல் விவரத்தோடு ஒத்துப்பாருங்கள். ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற பழைய சிப்பில் பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று தள்ளிவிடும் மோசடி நெடுநாளாக உண்டு. போலி என்று தெரிந்தால் அந்த மென்பொருளே எச்சரிக்கும். 1050 டிஐ என்று சொல்லி நீல நிற விஜிஏ துளை இருந்தால் சந்தேகப்படுங்கள். ஜிடிஎக்ஸ் 10 வரிசைச் சிப்புகளில் அனலாக் வெளியீடே கிடையாது.

பிறகு 20 நிமிடம் கனமான கேமை ஓடவிட்டு, சராசரி வெப்பத்தையும் ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான இடம்) வெப்பத்தையும் எச்டபிள்யூஇன்ஃபோவில் குறியுங்கள். இரண்டுக்கும் இடைவெளி 30 டிகிரியைத் தாண்டினால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அல்லது கூலர் சரியாகப் பதியவில்லை. புதுப் பேஸ்ட் போட்டால் பெரும்பாலும் சரியாகும். திரையில் வண்ணப் புள்ளிகளோ கட்டங்களோ தெறித்தால் மெமரி போய்விட்டது. ஓசிசிடியின் மெமரிச் சோதனையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்தக் கார்டை அங்கேயே விட்டுவிடுங்கள்.